தொடாமல் உடைப்பது எப்படி? நியான்-31 வைத்திருப்போருக்குச் சில யோசனைகள்

உங்களிடம் ஒரு நியான்-31 அணுக்கரு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இந்த வரியைப் படித்து முடிப்பதற்குள் அது போய்விட்டது. அதன் அரை ஆயுள் சுமார் 3.4 மில்லி வினாடி. நீங்கள் ஒருமுறை கண்ணிமைத்தால் அதன் வம்சமே முடிந்துபோகும். ஆகவே முதல் யோசனை: வேலையை உடனே தொடங்குங்கள். கையேட்டைப் பிறகு படித்துக்கொள்ளலாம்.

இல்லை, படித்துவிட்டுத்தான் தொடங்குவேன் என்பவர்களுக்குச் சில விவரங்கள். விளம்பரப் பலகையில் சிவப்பாக எரிகிற நியானை நம்பி இறங்காதீர்கள். அதில் இருப்பவை நியான்-20, 21, 22. பத்துப் புரோட்டானும் பத்திலிருந்து பன்னிரண்டு நியூட்ரான்களும் சண்டையில்லாமல் குடித்தனம் நடத்தும் வீடுகள். நமக்கு வேண்டியது அதே பத்துப் புரோட்டானோடு 21 நியூட்ரான்கள் நெருக்கியடித்துக் கிடக்கும் வீடு. அதிலும் அந்த 21ஆவது ஆள்தான் நம் இலக்கு. அவர் வீட்டுக்குள் இருக்கிறார் என்று சொல்வதே கொஞ்சம் மிகை. தாமரை இலைத் தண்ணீர் என்பார்களே, அந்த மாதிரி.

சரக்கு எங்கே கிடைக்கும்

டோக்கியோவை அடுத்த வாகோ நகரத்தில், ரிக்கென் ஆய்வு நிறுவனத்தில். அங்கே 8,300 டன் எடையுள்ள மீக்கடத்தி வளைய சைக்ளோட்ரான் ஒன்று இருக்கிறது. பக்கத்து வீட்டில் இரவல் கேட்கிற சாமான் இல்லை என்பதால் நேரில் போவது நல்லது.

போகும்போது கால்சியம்-48 கொண்டுபோங்கள். சுண்ணாம்பைச் சுரண்டி எடுத்துக்கொண்டு போக வேண்டாம்; இயற்கைக் கால்சியத்தில் இந்த வகை 0.2 விழுக்காடுகூட இல்லை. பிரித்தெடுத்த சரக்கின் விலையைக் கேட்டால் தங்கம் மலிவு என்று தோன்றும். அதை ஒளி வேகத்தில் ஏறக்குறைய 70 விழுக்காடு வரை முடுக்கி, பெரிலியத் தகடு ஒன்றில் மோதவிடுங்கள். கால்சியம் சிதறும். சிதறலில் நூறு வகை அணுக்கருக்கள் கலந்து வரும். அந்தக் கும்பலில் காந்தங்களை வைத்து நியான்-31ஐ மட்டும் பொறுக்கி எடுக்க வேண்டும். கல்யாண மண்டப வாசலில் உங்கள் செருப்பைத் தேடிய அனுபவம் இங்கே உதவும். கோடானுகோடி கால்சியத்தை அனுப்பினால் ஒருசில நியான்-31 தேறும். ஒவ்வொன்றும் ஒளி வேகத்தில் சுமார் 60 விழுக்காட்டில் பாய்ந்து வரும். அதைப் பிடித்து நிறுத்த முயலாதீர்கள். ஓட்டத்திலேயே உடைக்க வேண்டும்.

ஆளை அறிந்து உடைக்கவும்

ஒரு சாதாரண அணுக்கருவிலிருந்து ஒரு நியூட்ரானைப் பிடுங்க ஏழு, எட்டு மெகா எலக்ட்ரான் வோல்ட் செலவாகும். இதைப் பிரிப்பு ஆற்றல் என்பார்கள். நியான்-31இன் கடைசி நியூட்ரானுக்கு 0.15 மெகா எலக்ட்ரான் வோல்ட் போதும். ஐம்பதில் ஒரு பங்கு. இப்படி ஒட்டியும் ஒட்டாமலும் இருப்பவர் கருவின் எல்லைக்குள் அடங்கிக் கிடக்க மாட்டார். குவாண்டம் விதிப்படி அவருடைய அலைக்கு ஒரு வால் உண்டு. எட்டு மெகா எலக்ட்ரான் வோல்ட்டில் கட்டுண்டவரின் வால் ஏறக்குறைய ஒன்றரை ஃபெம்டோமீட்டரிலேயே தேய்ந்துவிடும். 0.15இல் கட்டுண்டவரின் வால் 12 ஃபெம்டோமீட்டர் வரை நீளும். வீட்டின் ஆரமே நான்குக்குள்தான். திண்ணையையும் தாண்டித் தெருமுனையில் நின்றுகொண்டு, நானும் இந்த வீட்டு ஆள்தான் என்பவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

இந்தத் தெருமுனைக்காரர்களை உலகம் முதலில் கவனித்தது 1985இல். இசாவோ தனிஹாட்டாவும் குழுவினரும் பெர்க்லியின் பெவலாக் முடுக்கியில் லித்தியம் ஐசோடோப்புகளை ஒவ்வொன்றாக அளந்துகொண்டு வந்தபோது, லித்தியம்-11 மட்டும் இருக்க வேண்டிய அளவைவிட மிக அதிகமாக வீங்கியிருந்தது. இரண்டு வருடம் கழித்து ஹான்சனும் யான்சனும் விளக்கம் சொன்னார்கள்: வீக்கம் முழு உடம்பிலும் இல்லை, உள்ளே கட்டுக்கோப்பான ஒரு கரு, அதைச் சுற்றி இரண்டு நியூட்ரான்கள் மெல்லிய ஒளிவட்டமாகப் பரந்திருக்கின்றன. சாமி படத்தில் தலைக்குப் பின்னால் வரைவார்களே, அந்தச் சொல்லே நிலைத்துவிட்டது.

தொடாதீர்கள்

புதிதாக இந்தத் தொழிலுக்கு வருபவர்கள் செய்யும் பெரிய தவறு, நேராகப் போய் மோதுவது. மோதினால் உடையும், சந்தேகமில்லை. ஆனால் எல்லாமே உடையும். உள்வீடும் இடிந்து, யார் எங்கே இருந்தார் என்பதே தெரியாமல் போகும். உடைப்பது நம் நோக்கமல்ல. உடைவதைப் பார்த்து, உடையாமல் இருந்தபோது எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்வதுதான் நோக்கம். எனவே ஈயத் தகட்டை வைத்து, ஈயக் கருவை ஒட்டினாற்போல, ஆனால் தொடாமல், நியான்-31ஐப் போகவிடுங்கள்.

ஈயத்தில் 82 புரோட்டான்கள். அருகே வரும் எந்த நேர் மின்னூட்டத்தையும் அது தள்ளும். நியானின் பத்துப் புரோட்டான்கள் உள்வீட்டில் இருப்பதால் தள்ளு விழுவது உள்வீட்டின் மேல். ஒளிவட்ட நியூட்ரானுக்கு மின்னூட்டம் கிடையாது. தள்ளுவது அவர் காதிலேயே விழாது. படிக்கட்டில் ஒற்றைக்கையால் தொங்கிவரும் பயணியை நினைத்துக்கொள்ளுங்கள். ஓட்டுநர் சட்டென்று வண்டியை வலப்பக்கம் ஒடிக்கிறார். உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் வண்டியோடு திரும்புகிறார்கள். தொங்கியவர் நேராகப் போகிறார்.

இதையே அறிவாளித்தனமாகச் சொல்ல வேண்டுமா? வேகமாகக் கடந்துபோகும் மின்னூட்டத்தின் புலம் ஒரு கணநேர ஒளிவீச்சைப் போன்றது என்று 1924இல் என்ரிக்கோ ஃபெர்மி கண்டுகொண்டார். 1934இல் வைத்செக்கரும் வில்லியம்சும் அதைச் சார்பியலுக்கு ஏற்றபடி தீட்டினார்கள். ஈயத்தின் பக்கத்தில் போகும் கரு ஒரு ஒளித்துகள் மழையில் நனைகிறது. மழையில் விழுபவை பெரும்பாலும் சில்லறைக் காசுகள். பெரிய நோட்டுகள் அபூர்வம். சாதாரணக் கருவை உடைக்கப் பெரிய நோட்டு வேண்டும். ஒளிவட்டக் கருவுக்குச் சில்லறை போதும். அதனால்தான் அது அவ்வளவு தாராளமாக உடைகிறது.

இதைத் தகாஷி நகமுராவின் குழு வாகோவில் செய்து 2009இல் வெளியிட்டது. ஈயத் தகட்டில் நியான்-31 ஒரு நியூட்ரானை இழக்கும் குறுக்குப்பரப்பு (உடையும் வாய்ப்பை இலக்கின் பரப்பளவாகச் சொல்லும் அளவு) 712 மில்லிபார்ன். அதில் தொட்டதால் உடைந்த பங்கைக் கழித்தால், தொடாமல் உடைந்தது 540. ஒளிவட்டக் கரு என்று ஏற்கெனவே பெயர் வாங்கியிருந்த கார்பன்-19 காட்டும் எண்ணுக்கு இது கிட்டத்தட்ட ஈடு.

பார்ன் என்பது ஆங்கிலத்தில் வைக்கோல், தானியம், மாடு எல்லாம் அடைக்கிற பெரிய கொட்டகை. 1942இல் பர்டியூ பல்கலைக்கழகத்து இயற்பியலாளர்கள் இருவர், நியூட்ரானுக்கு யுரேனியக் கரு கொட்டகை அளவு பெரிய இலக்கு என்ற வேடிக்கையில் வைத்த பெயர். ஒரு பார்ன் என்பது 100 சதுர ஃபெம்டோமீட்டர். நியான்-31இன் 540 மில்லிபார்ன் அரைக் கொட்டகைக்குச் சற்று மேல்.

நெல்லிக்காயா, கோவைக்காயா

இப்போதுதான் விஷயத்துக்கு வருகிறோம். இதுவரை சொன்னதையெல்லாம் சரியாகச் செய்தும் உங்கள் நியான்-31 உடையவில்லை என்றால், நீங்கள் அதை உருண்டை என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

உருண்டையான கரு ஒன்றில் நியூட்ரான்களுக்கு மாடி மாடியாக அறைகள் உண்டு. 1949இல் மரியா கெப்பர்ட் மாயரும் யென்சனும் தனித்தனியே போட்டுக்கொடுத்த வரைபடம் அது. 2, 8, 20, 28 என்ற எண்ணிக்கையில் ஒரு மாடி நிறைந்து கதவு சாத்தப்படும். இவைதான் மாய எண்கள். இந்த வரைபடப்படி நியான்-31இல் இருபது நியூட்ரான்களோடு ஒரு மாடி நிறைந்துவிட, 21ஆவது ஆள் அடுத்த மாடியின் எஃப் அறைக்குப் போக வேண்டும்.

அங்கேதான் சிக்கல். எஃப் அறைக்காரரின் கோண உந்தம் 3. சுற்றும் வேகமே அவரைச் சுற்றி ஒரு மதிலை எழுப்பிவிடுகிறது. எஸ் அறைக்குக் கோண உந்தம் 0, மதில் இல்லை. பி அறைக்கு 1. மதிலின் உயரம் 2 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே அளவுகோலில் எஃப் அறையின் மதில் 12. முன்னது திண்ணை, பின்னது உச்சியில் கண்ணாடிச் சில்லு பதித்த காம்பவுண்டுச் சுவர். எவ்வளவுதான் தளர்வாகக் கட்டுண்டிருந்தாலும் இந்தச் சுவரைத் தாண்டி அலையின் வால் வெளியே நீளாது. அதாவது ஒளிவட்டம் இல்லை. 540 மில்லிபார்னுக்கு வழியே இல்லை.

ஆனால் 540 வந்துவிட்டது. எனவே வரைபடம் தப்பு, அல்லது வீடு உருண்டை இல்லை.

வீடு உருண்டை இல்லை. இது ஊரறிந்த ரகசியம்தான். 1975இலேயே செர்ன் கூடத்தில் சோடியம் ஐசோடோப்புகளின் நிறையை அளந்தவர்கள், 20 என்ற மாய எண் அந்தப் பக்கத்தில் பலிக்கவில்லை என்று கண்டுவிட்டார்கள். நியான், சோடியம், மக்னீசியம் கருக்கள் நியூட்ரான் மிகுந்து 20ஐ நெருங்கும்போது மாடிகளின் வரிசையே புரண்டுவிடுகிறது. 1990இல் வார்பர்ட்டன், பெக்கர், பிரவுன் மூவரும் இந்த வட்டாரத்துக்குத் 'தலைகீழ்த் தீவு' என்று பெயர் சூட்டினார்கள். நம் ஆளின் உள்வீடான நியான்-30இல் சரியாக 20 நியூட்ரான்கள். ஆனாலும் அதன் முதல் கிளர்வு நிலை 0.79 மெகா எலக்ட்ரான் வோல்ட்டிலேயே வந்துவிடுகிறது. அதே 20 நியூட்ரான்களைக் கொண்ட கால்சியம்-40ஐ அசைக்க மூன்று மெகா எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் வேண்டும். லேசாகத் தட்டினாலே சுழல்கிறது என்றால் அது நெல்லிக்காய் இல்லை, நீண்டிருக்கும் கோவைக்காய். குவாண்டம் உலகில் முழு உருண்டை சுழல முடியாது. சுழன்றால் சுழன்றது யாருக்குத் தெரியும்?

கோவைக்காய்க்குள் என்ன நடக்கிறது என்று 1955இல் ஸ்வென் யெஸ்டா நில்சன் கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறார். உருண்டைக்குள் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒன்றே என்பதால் கோண உந்தம் மாறாமல் நிற்கும். கோவைக்காய்க்கு நீளவாட்டம் என்று ஒன்று உண்டு. அங்கே கோண உந்தம் நிலைத்து நிற்காது. காயின் அச்சின் மேல் விழும் அதன் நிழல் மட்டுமே மாறாமல் இருக்கும். விளைவு: எஃப் அறைக்கும் பி அறைக்கும் நடுவில் இருந்த சுவர் இடிந்து, இரண்டும் ஒரே கூடமாகிறது. 21ஆவது ஆள் ஒரு பங்கு எஃப், ஒரு பங்கு பி. எஃப் பங்கு மதிலுக்குள் அடைபட்டுக் கிடக்க, பி பங்கு திண்ணையைத் தாண்டித் தெருவுக்குப் போகிறது. பிணைப்பு இளக இளக, பி பங்கின் கை ஓங்கும்.

எனவே வாசகர்கள் கவனிக்கவும்: வடிவம் இங்கே அலங்காரமில்லை. கரு நசுங்கியிருப்பதால்தான் ஒளிவட்டம். ஒளிவட்டம் இருப்பதால்தான் தொடாமலே உடைகிறது. 2010இல் இகுகோ ஹமாமோட்டோ இந்த 540ஐ எடுத்து உருத்திரிந்த கருவின் பாதைகளை வைத்து விளக்கியபோது சொன்னது இதைத்தான். எனக்கு இந்த வரிசை மிகவும் பிடிக்கும். உடைந்தது எவ்வளவு எளிதாக உடைந்தது என்று எண்ணினால், உடையாதபோது அது கோணலாக இருந்தது தெரிகிறது.

பீட்டாவைத் திருகாதீர்கள்

கணக்குப் போடுகிறவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. கருவின் கோணலை அளக்கப் பீட்டா என்ற எண் உண்டு. பூஜ்யம் என்றால் நெல்லிக்காய், நேர் எண் என்றால் கோவைக்காய், எதிர் எண் என்றால் பரங்கிக்காய். பழைய வானொலிப் பெட்டியில் காதைத் திருகி நிலையம் பிடிப்பதுபோல, பீட்டாவைத் திருகித் திருகி 540 வரும் இடத்தில் நிறுத்திவிட்டு, ‘வடிவம் கிடைத்துவிட்டது’ என்று கட்டுரை எழுதும் ஆசை வரும். அடக்கிக்கொள்ளுங்கள்.

ஏனென்றால் திருகாணி ஒன்றல்ல. பிரிப்பு ஆற்றலைச் சற்றுக் குறைத்தாலும் குறுக்குப்பரப்பு ஏறும். பி பங்கைக் கூட்டினாலும் ஏறும். இதைக் கொஞ்சம், அதைக் கொஞ்சம் திருகினால் 540க்குப் பல வழிகளில் போய்ச் சேரலாம். 2009இல் நிலைமை இன்னும் மோசம். நிறையை நேரடியாக அளந்தவர்கள் கொடுத்திருந்த பிரிப்பு ஆற்றல் 0.29, கூட்டியோ குறைத்தோ 1.64. மாப்பிள்ளைக்குச் சம்பளம் 29 ஆயிரம், முன்பின் ஒரு லட்சத்து 64 ஆயிரம் இருக்கலாம் என்று தரகர் சொன்னால் என்ன புரிந்துகொள்வீர்கள்? மாதாமாதம் அவரே கம்பெனிக்குப் பணம் கட்டுகிறார் என்பதற்கும் வாய்ப்பிருக்கிறது. ரூர்க்கி ஐ.ஐ.டி.யில் நியான்-31க்கும் மக்னீசியம்-37க்கும் உருத்திரிபைச் சேர்த்து உடைவைக் கணக்கிட்டவர்கள், ஒற்றை எண்ணில் நிற்காமல் பிரிப்பு ஆற்றலையும் பீட்டாவையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்ததற்குக் காரணம் இதுதான்.

வழி என்ன? இரண்டு தெரியாத எண்களுக்கு இரண்டு சமன்பாடு. ஒரே கருவை இரண்டு தகடுகளில் உடையுங்கள்: ஒன்று ஈயம், இன்னொன்று கார்பன். மின்தள்ளால் உடைவது தகட்டுக் கருவின் மின்னூட்டத்தின் வர்க்கமாக ஏறும்; ஈயத்துக்கு 82இன் வர்க்கம் 6,724, கார்பனுக்கு 6இன் வர்க்கம் 36. எனவே ஈயத்தில் பெரும்பாலும் தொடாமல் உடைகிறது, கார்பனில் பெரும்பாலும் தொட்டு உடைகிறது. தொடாத உடைவு வாலின் நீளத்துக்குக் கூடுதலாக மசியும். தொட்ட உடைவு அவ்வளவு மசியாது. போதாக்குறைக்கு, உடைந்தபின் உள்வீடு அமைதியாக இருந்ததா, அதிர்ந்து காமா கதிர் விட்டதா என்றும் பார்க்க வேண்டும். நகமுரா குழு இப்படிச் செய்து 2014இல் கொடுத்த விடை: பிரிப்பு ஆற்றல் 0.15, மேலே 0.16, கீழே 0.10 பிழை. உள்வீடு அமைதியாக இருக்க, நியூட்ரான் பி அறையில் இருக்கும் பங்கு 0.32. மூன்றில் ஒன்று. மீதியின் பெரும்பகுதியில் ஒன்று உள்வீடே சுழன்றுகொண்டிருக்கிறது, அல்லது ஆள் வேறு அறையில். நெல்லிக்காயாக இருந்தால் இப்படிப் பங்கு பிரியாது.

தகடு வாங்கக் காசில்லாதவர்களுக்கு ஒரு சிக்கன வழி: சிதறிய உள்வீட்டின் உந்தத்தை அளவிடுங்கள். விஸ்தாரமான மைதானத்தில் திரிபவருக்கு அவசரமில்லை. சின்ன அறையில் அடைபட்டவர்தான் குறுக்கும் நெடுக்கும் நடப்பார். இதை ஹைசன்பர்க் இன்னும் மரியாதையாகச் சொல்லியிருக்கிறார். ஒளிவட்டக் கருவான பெரிலியம்-11 உடைந்து வரும் பெரிலியம்-10இன் உந்தப் பரவல் 44 மெகா எலக்ட்ரான் வோல்ட்/c அளவிலேயே ஒடுங்கிவிடுகிறது. உங்கள் துண்டுகள் ஒடுங்கி வந்தால் எஸ் அல்லது பி. அகலமாக வந்தால் எஃப், வீட்டுக்குப் போகலாம்.

அடுத்து எதை உடைப்பது என்று கேட்பவர்களுக்கு: மக்னீசியம்-37. 12 புரோட்டான், 25 நியூட்ரான். இதையும் வாகோவில்தான் 2014இல் உடைத்தார்கள். பிரிப்பு ஆற்றல் 0.22, மறுபடியும் பி அறை, மறுபடியும் கோணல் வீடு. துணிச்சல்காரர்கள் மக்னீசியம்-44க்குக் காத்திருக்கலாம். அதில் உள்வீடு கோவைக்காயாகவும் சுற்றியுள்ள ஒளிவட்டம் லேசான பரங்கிக்காயாகவும் இருக்கும் என்று 2010இல் ஒரு கணிப்பு வந்திருக்கிறது. இரண்டு காயையும் ஒரே குழம்பில் போடலாமா என்று கேட்காதீர்கள்.

மிச்சம் மீதி

உடைந்த துண்டுகளைப் பத்திரப்படுத்த வேண்டாம். நியான்-30 தானும் சில மில்லி வினாடிகளில் சோடியமாகிவிடும். வெளியே வந்த நியூட்ரான் விஷயம் வேறு. நெருக்கியடித்த வீட்டில் இருந்தவரை, அந்த வீட்டுக்கே மில்லி வினாடிக் கணக்கில்தான் ஆயுள். தனியாக வந்தபின் அவருக்குச் சராசரியாகப் பதினைந்து நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஒளி வேகத்தில் 60 விழுக்காட்டில் போகிறார், வழியில் சுவர் எதுவும் குறுக்கிடாவிட்டால் நிலாவைத் தாண்டி வெகுதூரம் போய்விடுவார். ஆனால் வாகோவில் ஆய்வுக்கூடத்தின் கான்கிரீட் சுவர் அதற்கு முன்பே நிற்கிறது.